அடுப்படி முனை

கல்முனை பஸ் நிலையத்துக்குப் பின்னால் என் கடை.
எட்டடிக்கு ஆறடி.
அன்றைக்கு அதற்குள் ஒன்பது பேர், ஒரு ஃபேன்,
யாரோ ஒருத்தி பேட்டரி மாற்றத் தந்துவிட்டுப் போன
பெரிய திரைப் போன்.
என்னுடையதில் கோடு விழுந்திருந்தது.
திருத்துகிறவன் போன் எப்போதும் அப்படித்தான்.

வளர்ந்துவரும் அணிகளின் இருபது ஓவர்ப் போட்டி.
இலங்கை ஏ, எதிரே ஓமான்.
ஓமான் உடுப்பில் நம்ம றுஸ்தி.
வர்ணனைக்காரன் அவன் பெயரை
மூன்று தரம் மூன்று விதமாய் உடைத்தான்.
மூன்றாம் தரம் 'ரஸ்டி' என்றான்.
துருவாம்.
அலுமினியம் பொருத்துகிறவனைப் போய்.
"றுஸ்திடா மனுசா, சாய்ந்தமருது றுஸ்தி" என்று
திரைக்குச் சொல்லிக்கொடுத்தான் பஸ்மீர்,
வெளியே அவன் ஆட்டோவில் ஆள் காத்திருக்க.

மாவட்டத் தெரிவுக்கு ஒரேயொரு தடவை போனோம்,
ஒரே மோட்டார் சைக்கிளில்.
"அடுத்த வருசம் வாங்க" என்றார்கள்.
அடுத்த வருசம் அவன் மஸ்கட்டில் ஜன்னல் பொருத்தினான்.
நான் சோல்டரிங் அயன் பிடித்தேன்.

எங்கள் பிட்ச் ஒரு வீட்டின் தரை.
சுவரும் கூரையும் ஆட்களும் கடலோடு போன பிறகு
சிவப்புச் சீமெந்து மட்டும் மிஞ்சிக் கிடந்தது.
ஹோல் பக்கமிருந்து அவன் ஓடிவருவான்.
அடுப்படி முனையில் நான் குந்தியிருப்பேன்.
இடையில், கதவு நிலை நின்ற இடத்தில்,
ஒரு வெடிப்பு.
டேப் சுற்றிய பந்து அதில் பட்டால்
முழங்கை நீளம் திரும்பும்.
யாருடைய வீடென்று எல்லாருக்கும் தெரியும்.
எல்.பி.டபிள்யூ. சண்டை முற்றினாலும்
அங்கே ஒருவரும் கெட்ட வார்த்தை பேசமாட்டோம்.

பதினேழாவது ஓவர் அவனுக்கு.
இலங்கைக்கு இருபத்து நான்கு பந்தில் முப்பத்தொன்று.
முதல் பந்து சிக்ஸர். கடைக்குள் கைதட்டல்.
இரண்டாம் பந்தில் ஓட்டமில்லை.
அதற்கும் கைதட்டல், அதே கைகள்.
"நீங்கெல்லாம் எந்தப் பக்கம்?" என்றான்
தேத்தண்ணி கொண்டுவந்த பொடியன்.
சீனி காணாது என்றார்கள்.

மூன்றாவதுக்கு ஓடிவருமுன்
சுட்டுவிரலை ஒருதரம் சட்டையில் துடைத்தான்.
அந்த மைதானத்தில் ஒருவருக்கும் தெரியாதது
எனக்குத் தெரிந்துவிட்டது.
மெதுவாய் வரும். வெளியே இழுக்கும்.
அடிக்கிறவன் இறங்கி வருவான்.
வந்தான்.
வழவழவென்ற அந்தப் பிட்சிலும்
எங்கோ ஒரு நிலைப்படி இருந்திருக்க வேண்டும்,
பந்து அவனைச் சுற்றிக்கொண்டு போனது.

அங்கே கீப்பரின் கையில் பட்டு நழுவியது.
இங்கே என் இரண்டு கைகளும்
மேசையை வழித்துக்கொண்டு போயின.
ஸ்க்ரூத் தட்டு கவிழ்ந்தது.
நகக்கண் அளவும் இல்லாத ஸ்க்ரூக்கள்
ஒன்பது பேரின் செருப்புகளுக்கிடையே உருண்டன.

"என்ட போன் சரியா தம்பி?"
வாசலில் அவள், கையில் மீன் பை.
அடியில் இரண்டு ஸ்க்ரூ பூட்ட வேண்டும்.
குனிந்து தேடினேன், ஒன்றுதான் அகப்பட்டது.
அதைப் பூட்டினேன்.
ஆறாயிரத்து ஐந்நூறு எண்ணித் தந்தாள்.
இன்னும் ஓடிக்கொண்டிருந்த ஆட்டத்தை
என்னவென்றும் பார்க்காமல் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு
பஸ்ஸுக்கு நடந்தாள்.
மற்றவர்கள் ஹோட்டல் டீ.வி. தேடி ஓடினார்கள்.
நான் போகவில்லை.

இரவு பதினொன்றரைக்கு ஒரு குரல் பதிவு,
ஒன்பது செக்கன்.
ஏழு செக்கன் பஸ்ஸின் இரைச்சல்.
பிறகு அவன்:
"டேய், எங்கடா நிண்ட நீ?"

வென்றதா தோற்றதா, அது அதில் இல்லை.
'அடுப்படியிலதான்' என்று எழுதினேன்.
அழித்தேன்.

காலையில் கடை கூட்டும்போது
ஃபேன் நிழலுக்குள் அவளுடைய ஸ்க்ரூ மினுங்கியது.
ரசீதில் நம்பர் இருக்கிறது,
கூப்பிடலாம்.
சட்டைப் பையில் போட்டுக்கொண்டு
தண்ணீர் தெளித்தேன்.